பழைய ஸ்டார் ட்ரெக்கா, புதிய விண்வெளித் தொடர்களா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளித் தொடர்களை விடாமல் பார்க்கிறவன் என்று பேர் வாங்கிவிட்டதால், சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருகிறார்கள். அக்கா மகன், அலுவலக நண்பர்கள், ஒருமுறை பல் மருத்துவர்கூடக் கேட்டார் (வாயில் பஞ்சு இருந்ததால் அவருக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை). கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். சில இடங்களில் கதை முடிவு வெளியே வரும். அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டார் ட்ரெக்னா அந்த லைட் வாள் சண்டைதானே?

இல்லை, அது ஸ்டார் வார்ஸ். 1977இல் வந்த சினிமா. ஸ்டார் ட்ரெக் அதற்குப் பதினோரு வயது மூத்த தொலைக்காட்சித் தொடர். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசியில் தொடங்கியது. எண்டர்பிரைஸ் என்று ஒரு கப்பல், கேப்டன் கிர்க், பாதி மனிதரும் பாதி வல்கனுமான (வல்கன் என்பது வேற்றுக்கிரக இனம்) ஸ்பாக், சிடுசிடு டாக்டர் மெக்காய். போர் செய்வது அவர்கள் வேலை இல்லை. தெரியாத இடங்களைப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. மூன்று சீசன், 79 எபிசோடுகளோடு 1969 ஜூனில் நின்றுபோனது. அடுத்த மாதமே நிஜ மனிதர்கள் நிலவில் இறங்கினார்கள்.

எதெல்லாம் பழசு, எதெல்லாம் புதுசு? எனக்குக் கணக்கே புரியலை.

என் கணக்கில் பழசு என்பது 1966இன் ஸ்டார் ட்ரெக்கும், 1987 முதல் 1994 வரை வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷனும். இரண்டாவதில் கேப்டன் பிக்கார்ட். சத்தம் போடாமல் தேநீர் குடித்துக்கொண்டே பிரச்சினையைத் தீர்க்கிறவர். டீப் ஸ்பேஸ் நைன் (1993-99) இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் போட்ட பாலம் மாதிரி.

புதுசு என்றால் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா (2003இல் குறுந்தொடர், பிறகு 2009 வரை), தி எக்ஸ்பான்ஸ் (2015-22), ஃபார் ஆல் மேன்கைண்ட் (2019 முதல்). ஸ்டார் ட்ரெக் குடும்பத்திலேயே பிறந்த டிஸ்கவரி (2017-24), ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் (2022 முதல்) இரண்டும் உண்டு. பேட்டில்ஸ்டார் வந்து இருபது வருடம் தாண்டியாச்சே, அது எப்படிப் புதுசு என்று சண்டைக்கு வராதீர்கள். பாணியில் அது இந்தப் பக்கம்தான்.

செட் எல்லாம் அட்டையில செஞ்ச மாதிரி இருக்கே. சிரிக்காம எப்படிப் பார்க்கறீங்க?

நானும் சிரித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். ஆனால் அந்தக் கஞ்சப் பட்ஜெட்டில் இருந்துதான் பல நல்ல யோசனைகள் பிறந்தன. ஒவ்வொரு வாரமும் கப்பலை ஒரு கிரகத்தில் இறக்கிக் காட்டக் காசு கட்டாது. அதனால் ஆளை ஒளித்துகளாக்கி இந்தப் பக்கம் மறையவைத்து அந்தப் பக்கம் தோன்றவைக்கும் டிரான்ஸ்போர்ட்டரைக் கண்டுபிடித்தார்கள். செலவு மிச்சம், கதையும் முதல் நிமிடத்திலேயே கிரகத்துக்குப் போய்விடும்.

ஓர் எபிசோடுக்காக விதவிதமான உப்புக் குப்பிகளை வாங்கினார்கள். வடிவம் ரொம்பவும் நவீனமாக இருந்ததால் பார்க்கிறவர்களுக்கு உப்புக் குப்பி என்றே தெரியாது என்று ஒதுக்கிவிட்டு, அவற்றையே டாக்டர் மெக்காயின் அறுவைக் கருவிகளாக்கிவிட்டார்கள். ‘தானாக’ திறக்கும் கதவுகளுக்குப் பின்னால் கயிறு இழுக்க ஆள் நின்றார். கப்பல் குலுங்க வேண்டுமென்றால் கேமராவை ஆட்டுவார்கள், நடிகர்கள் தாங்களே சாய்ந்து விழுவார்கள். 2006இல் வெளிக்காட்சிகளைக் கணினி வரைகலையில் புதிதாகச் செய்தார்கள். எனக்கு என்னவோ பழைய பொம்மைக் கப்பல்தான் பிடிக்கிறது.

எப்பப் பார்த்தாலும் மேசையைச் சுத்தி உட்கார்ந்து பேசிட்டே இருக்காங்க. போர் அடிக்காதா?

அந்தப் பேச்சுதான் பழைய தொடரின் உயிர். ‘இந்த இடத்தில் எது சரி?’ என்ற ஒரே கேள்வியை ஐம்பது நிமிடத்துக்குள் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷனின் இரண்டாம் சீசனில் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ என்று ஓர் எபிசோடு உண்டு. டேட்டா என்ற இயந்திர மனிதரைப் பிரித்துப் போட்டு ஆராய ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறார். அவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா, அல்லது அவர் கப்பலின் சாமானா என்று விசாரணை. இதை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். வாதங்களில் அது தெரியும்.

டேட்டாவின் நண்பர் ரைக்கரையே எதிர்த்தரப்பில் வாதாட வைக்கிறார்கள். அவர் எழுந்து டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார், பிறகு முதுகில் இருக்கும் சுவிட்சை அணைக்கிறார். டேட்டா மேசைமேல் அப்படியே சரிகிறார். வழக்கில் புள்ளி எடுத்தாயிற்று, ஆனால் ரைக்கர் முகத்தைப் பார்க்க வேண்டும். வெடி இல்லை, துப்பாக்கி இல்லை. இதைவிடப் பதற்றமான சண்டைக் காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

பழசுல ஒவ்வொரு எபிசோடும் தனித்தனி. புதுசுல ஏன் ஒரே கதையை ஜவ்வு மாதிரி இழுக்கறாங்க?

வியாபாரம்தான் காரணம். பழைய ஸ்டார் ட்ரெக் முதல் ஒளிபரப்பில் பெரிதாக ஓடவில்லை. எழுபதுகளில் உள்ளூர் நிலையங்கள் மறுஒளிபரப்பு செய்தபோதுதான் ரசிகர் கூட்டம் பெருகியது. எந்த நாளில் யார் உட்கார்ந்து பார்த்தாலும் புரிய வேண்டும், வரிசை மாறினாலும் குடி முழுகக் கூடாது. அதனால் எபிசோடு முடியும்போது எல்லாம் பழையபடி திரும்பிவிடும். இன்றைக்கு வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம், விட்டதைத் திருப்பிப் பார்க்கலாம். கதையைச் சுமந்து போக இப்போது தடை இல்லை.

இதில் பழைய முறைக்கு ஒரு விசித்திரமான நஷ்டம் உண்டு. ‘தி இன்னர் லைட்’ (1992) எபிசோடில் பிக்கார்ட் இருபத்தைந்து நிமிடம் மயங்கிக் கிடக்கிறார். அதற்குள் அழிந்துபோன ஒரு கிரகத்தில் மனைவி, மக்கள், பேரன் என்று முழு வாழ்க்கையை வாழ்ந்து கிழவராகிவிடுகிறார். விழித்தபோது கையில் மிஞ்சியது ஒரு புல்லாங்குழல். அடுத்த வாரம் மனிதர் ஒன்றுமே நடக்காதது போல வேலைக்கு வந்துவிடுகிறார்! பின்னால் ‘லெசன்ஸ்’ என்ற எபிசோடில் அந்தக் குழல் திரும்ப வரும், அவ்வளவுதான். இன்றைய தொடர் என்றால் இதை வைத்தே ஒரு சீசன் ஓட்டியிருப்பார்கள். அது இவ்வளவு நன்றாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

எபிசோடு எண்ணிக்கை குறைஞ்சா தரம் கூடும்தானே?

தரம் சீராக இருக்கும், அது உண்மை. நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஏழு வருடத்தில் 178 எபிசோடு. ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் சீசனுக்குப் பத்துதான். பழையதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட வேண்டிய எபிசோடுகள் நிறைய. முதல் தொடரின் மூன்றாம் சீசன் ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ என்ற கதையோடு தொடங்குகிறது. ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வருடத்துக்கு இருபத்தாறு எழுத வேண்டிய கட்டாயத்தில் யாராவது ஒருவர் கிறுக்குத்தனமாக ஏதாவது முயன்று பார்ப்பார். மேலே சொன்ன புல்லாங்குழல் கதை அப்படி வந்ததுதான். அதிலே கப்பலுக்கு ஆபத்து கிடையாது, வில்லன் கிடையாது. பத்தே எபிசோடு கையில் இருக்கும்போது அப்படி ஒன்றுக்கு இடம் ஒதுக்கத் துணிச்சல் வேண்டும்.

அறிவியல் எதுல சரியா இருக்கு?

தி எக்ஸ்பான்ஸ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டார் ட்ரெக்கில் கப்பலுக்குள் தரையில் நிற்க முடிவதற்குச் செயற்கை ஈர்ப்பு என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்வார்கள். எக்ஸ்பான்ஸில் கப்பல் அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி. இன்ஜின் அடித்தளத்தில், அதற்குமேல் தளம் தளமாக அறைகள். இன்ஜின் தள்ளும்போது லிஃப்ட் சட்டென்று மேலே கிளம்பும்போது கால் அழுந்துமே, அந்த அழுத்தம்தான் அவர்களுக்கு ஈர்ப்பு. இன்ஜின் நின்றால் எல்லாரும் மிதப்பார்கள். பாதி வழியில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மீதிப் பாதி முழுக்க எதிர்ப்பக்கம் தள்ளி வேகத்தைக் குறைப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பூமியும் செவ்வாயும் மிக அருகில் வரும்போது இடைவெளி சுமார் 5.6 கோடி கிலோமீட்டர். பூமி ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு முடுக்கத்தில் பாதி தூரம் தள்ளி, மீதிப் பாதி தூரம் தடுத்தால், மூன்று நாளில் போய்ச் சேரலாம். கணக்கு சரி, அவ்வளவு நேரம் எரியும் இன்ஜின்தான் இன்று யாரிடமும் இல்லை. தொடர் அந்த ஓர் இடத்தில் பொய் சொல்லிவிட்டு (பிறகு வேற்றுலகப் பொருள் ஒன்றும் வருகிறது), மற்றதில் எல்லாம் நேர்மையாக இருக்கிறது. செய்தி அனுப்பினால் ஒளி போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். சண்டைக்கு முன் விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டு கப்பலில் இருந்து காற்றை வெளியேற்றிவிடுவார்கள்.

முதல் சீசன் நான்காவது எபிசோடில் (கொஞ்சம் கோரம், கதையும் கசியும்) குண்டு ஒன்று கப்பலின் ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச்சுவர் வழியாகப் போய்விடுகிறது. நடுவில் நின்றவர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓட்டை, காற்று போகிறது. அழவும் நேரமில்லாமல் கையில் கிடைத்ததை வைத்து அடைக்கிறார்கள். ஸ்டார் ட்ரெக்கில் இதே அடிக்கு ஒரு மேசையில் பொறி பறந்திருக்கும்.

அப்போ ஸ்டார் ட்ரெக் அறிவியல் மொத்தமும் டூப்பா?

பெரும்பாலும் ஆமாம். ஒளியைவிட வேகமாகப் போகிறார்கள், சட்டினி அரைக்கிற நேரத்தில் வேறு சூரியக் குடும்பத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த டூப் நிஜ ஆட்களைத் தூண்டியிருக்கிறது. மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியரே 1994இல் வெளி சுருங்கி விரிந்தால் கப்பல் எப்படி நகரலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒளியைவிட வேகமான பயணத்துக்கு ஸ்டார் ட்ரெக்கில் சொல்லும் ‘வார்ப்’ என்ற பெயரையே அதில் பயன்படுத்தினார். நாசாவின் முதல் விண்கல ஓடத்துக்கு வேறு பெயர் வைக்க இருந்தார்கள். ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதி எண்டர்பிரைஸ் என்று மாற்றவைத்தார்கள். 1976இல் அது வெளியே வந்தபோது நடிகர்கள் போய் நின்றார்கள். பாவம், அந்த ஓடம் சோதனைக்கு மட்டும்தான் பயன்பட்டது, விண்வெளிக்குப் போகவே இல்லை.

பழசுல எல்லாரும் உத்தமர்கள், புதுசுல எல்லாரும் மோசமானவங்க. ஏன் இப்படி மாறிப்போச்சு?

இதற்குப் பதில் ஒரே ஆளின் வாழ்க்கையில் இருக்கிறது. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: கப்பல் ஆட்கள் தங்களுக்குள் சண்டை போடக் கூடாது, மனிதகுலம் அதையெல்லாம் தாண்டிவிட்டது. மூன்றாம் சீசனில் ரொனால்ட் டி. மூர் என்ற இளைஞர் ஒரு கதையை எழுதி அனுப்பினார். தாயைப் பறிகொடுத்த சிறுவனைப் பற்றியது. அந்த நூற்றாண்டில் குழந்தைகள் சாவுக்கு அழ மாட்டார்கள் என்று ராடன்பெரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்துக்குழுவின் தலைவர் மைக்கேல் பில்லர் அதையே கதையாக்கிவிட்டார்: பையன் அழவில்லை, பிரச்சினையே அதுதான். ‘தி பாண்டிங்’ என்ற பெயரில் 1989இல் வந்தது.

அதே மூர் பத்து வருடம் ஸ்டார் ட்ரெக்கில் எழுதிவிட்டு வெளியே வந்து எடுத்ததுதான் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. இயந்திர எதிரிகள் மனிதகுலத்தை அழித்தபின், மிஞ்சியவர்கள் கப்பல்களில் தப்பி ஓடும் கதை. அதன் முதல் எபிசோடு பெயரே ‘33’. எதிரி 33 நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குகிறான். ஐந்து நாளாக யாருக்கும் தூக்கமில்லை; கண் சிவந்து, எரிந்து விழுகிறார்கள். எஞ்சிய மனிதர்கள் எத்தனை பேர் என்று ஜனாதிபதி ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். எண் குறைந்துகொண்டே போகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்து, அழித்து ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். ‘எது சரி’ என்று ஸ்டார் ட்ரெக் கேட்ட இடத்தில் மூர் ‘அதற்கு என்ன விலை’ என்று கேட்டார். பிறகு ஃபார் ஆல் மேன்கைண்டையும் உருவாக்கியவர்களில் இவர் ஒருவர். அதில் 1969இல் சோவியத் ரஷ்யா முதலில் நிலவில் இறங்கிவிடுகிறது, விண்வெளிப் போட்டி ஓய்வதே இல்லை. அதனால் பழசும் புதுசும் பகையாளிகள் என்று நினைக்காதீர்கள். அப்பன் வீட்டில் சண்டை போட்டுத் தனிக்குடித்தனம் போன பிள்ளை கதைதான் இது.

ஒரே கதையை ரெண்டு காலத்துலயும் எடுத்திருக்காங்களா? வெச்சு ஒப்பிடலாமே?

எடுத்திருக்கிறார்கள், அருமையான ஜோடி. இரண்டின் முடிவையும் சொல்லப்போகிறேன். 1966 டிசம்பரில் வந்த ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ கண்ணுக்குத் தெரியாத எதிரிக் கப்பலைத் துரத்தும் கதை, நீர்மூழ்கிப் படம் மாதிரி. ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது, பாதியில் எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது. எதிரித் தளபதி நல்லவர், களைத்தவர். கிர்க்கைப் போலவே யோசிக்கிறவர். தோற்றபின், வேறொரு உலகமாக இருந்தால் உன்னை நண்பன் என்று அழைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் தானே அழித்துக்கொள்கிறார். கிர்க் தரப்பில் இறந்தது ஒரே ஒருவர், அந்த மாப்பிள்ளை. கிர்க் மணப்பெண்ணிடம் போய் நிற்கிறார்.

2022இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸின் முதல் சீசன் கடைசி எபிசோடு ‘எ குவாலிட்டி ஆஃப் மெர்சி’ அதே நாளுக்குப் போகிறது. ஒரு மாற்றம்: கேப்டன் நாற்காலியில் கிர்க் இல்லை, அவருக்கு முன் எண்டர்பிரைஸின் கேப்டனாக இருந்த பைக். பைக் பேசிப் பார்க்கிறார், அவகாசம் கொடுக்கிறார், நல்ல மனதோடு நடந்துகொள்கிறார். விளைவு பெரும் போர். ஸ்பாக் குற்றுயிராகக் கிடக்கிறார். பேச்சால் எதையும் தீர்க்கலாம் என்று சொல்லிவந்த வீட்டிலேயே, பேச்சு தோற்கும் நாளும் உண்டு என்று பிள்ளை வந்து சொல்கிறான். எது சிறந்தது என்றால் எனக்குப் பழையதுதான். புதியதை ரசிக்கப் பழையது தெரிந்திருக்க வேண்டும். பழையதுக்கு அந்தத் தேவை இல்லை.

வேற்றுக்கிரகவாசி எல்லாம் எப்படி இங்கிலீஷ் பேசறான்?

மொழிபெயர்க்கும் கருவி இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கருவியே தோற்கும் கதையையும் அவர்களே எழுதினார்கள். ‘டார்மோக்’ (1991) எபிசோடில் வரும் இனத்தாரின் சொற்கள் எல்லாம் மொழிபெயர்கின்றன, பொருள்தான் புரியவில்லை. தோல்வி என்று சொல்ல ‘ஷாகா, சுவர்கள் விழுந்தபோது’ என்கிறார்கள். அவர்கள் பேச்சு முழுக்கத் தங்கள் புராணக் கதைகளின் குறிப்பு. கதை தெரியாதவனுக்கு ஒன்றும் விளங்காது.

நமக்கு இது சுலபமாகப் பிடிபடும். ‘கர்ணன், தேர்ச்சக்கரம் புதைந்தபோது’ என்று நான் சொன்னால் உங்களுக்கு விளக்கம் தேவையா? ‘அவன் நிலைமை திரிசங்கு சொர்க்கம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள், பிக்கார்ட் விழித்த மாதிரிதான் விழிப்பார். எக்ஸ்பான்ஸ் வேறு வழியில் போகிறது: விண்கல் பட்டையில் தலைமுறைகளாக உழைக்கும் மக்களுக்குப் பல மொழிகள் கலந்த ஒரு பேச்சை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் உருவாக்கிக் கொடுத்தார். மிதப்பிலும் விண்வெளி உடையிலும் முகம் தெரியாது என்பதால் கைச்சைகையும் அந்தப் பேச்சில் சேர்ந்தே வரும்.

குட்டைப் பாவாடை போட்டு உட்கார வெச்சுட்டு, முற்போக்குத் தொடர்னு சொல்றது எப்படி?

நியாயமான கேள்வி. கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசனோடு விலக நினைத்தார். ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங் அவரிடம் விலகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கறுப்பினப் பெண் ஒருவர் வேலைக்காரியாக இல்லாமல் அதிகாரியாகத் திரையில் இருந்ததே அன்று பெரிய விஷயம். அதே தொடரின் கடைசி எபிசோடில், பெண்களுக்குக் கேப்டன் பதவி கிடையாது என்று ஒரு வசனமும் வருகிறது. இரண்டும் ஒரே தொடர்தான், ஒன்றை மறைத்து இன்னொன்றைப் பாராட்ட முடியாது.

இந்த ஒரு விஷயத்தில் புதியவை எவ்வளவோ மேல். எக்ஸ்பான்ஸில் கிறிஸ்ஜென் அவசரலா என்ற பாட்டி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பூமியின் அரசியலையே ஆட்டிவைக்கிறார். வாய் திறந்தால் கெட்ட வார்த்தை.

டிஸ்கவரியைப் பாதியில விட்டுட்டேன். திரும்பப் போகணுமா?

வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை பிரபஞ்சத்தையே காப்பாற்றினால் நான்காவது முறை யாருக்கும் படபடப்பு வராது. அதிலிருந்து கிளைத்த ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸுக்குப் போங்கள். வாரம் ஒரு கதை என்ற பழைய பாணிக்கே அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

சரி, எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்?

முதல் எபிசோடில் இருந்து வரிசையாக வேண்டாம், பாதியில் ஓடிவிடுவீர்கள். மேலே பெயர் சொன்ன ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’, ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’, ‘டார்மோக்’, ‘தி இன்னர் லைட்’ நான்கையும் முதலில் பாருங்கள். பிடித்தால் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மூன்றாம் சீசனில் இறங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் நேரே ‘33’. எக்ஸ்பான்ஸுக்கு மட்டும் நான்கு எபிசோடு பொறுமை வேண்டும். அந்த ஓட்டை விழும் இடம்வரை வந்துவிட்டால் பிறகு நிறுத்த மாட்டீர்கள்.

எட்டு வயசுப் பையனோட எதைப் பார்க்கலாம்?

எக்ஸ்பான்ஸும் பேட்டில்ஸ்டாரும் கூடவே கூடாது. 1966இன் ஸ்டார் ட்ரெக் நல்லது, குறிப்பாக ‘தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்’. பஞ்சு உருண்டை மாதிரி ஒரு பிராணி குட்டி போட்டுக் குட்டி போட்டுக் கப்பல் முழுக்க நிரம்பி, கடைசியில் கிர்க் தலைமேலேயே கொட்டும். அக்கா மகன் சின்னப் பையனாக இருந்தபோது அதை என்னோடு பார்த்து உருண்டு சிரித்தான். அப்புறம் வேறொரு எபிசோடில் கப்பல் குலுங்கி எல்லாரும் நாற்காலியில் இருந்து விழுந்தபோது, “ஏன் மாமா, இவங்க யாருமே சீட் பெல்ட் போடலை?” என்றான். எக்ஸ்பான்ஸில் போடுவார்கள் என்று சொன்னேன். “அப்ப அதைப் போடுங்க” என்றான். நீ பெரியவனாகு என்று சொல்லி வைத்தேன்.